லூர்துமேரி மேடம் கணக்கில் சேர்க்காத மரங்கள்

போதிய காலம் பேசாமல் இருந்துவிட்டேன். இனியும் அப்படி இருக்கக் காரணம் இல்லை. என்னைப் பேச வேண்டாம் என்று சொன்னவர் காலமாகிவிட்டார்.

செய்தி வந்தபோது விழுப்புரம் உழவர் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அழைத்தது ஏழுமலை. மேடமும் நானும் வேலை பார்த்த விழுப்புரம் அரிசி ஆலையில் பாய்லர் ஓட்டுபவர். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர், அன்று முணுமுணுத்தார்.

"சார், நம்ம லூர்து மேடம் பூட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்களாம். ஆசுபத்திரிக்கு ஜல்தியாத்தான் தூக்கிக்கினு போனாங்களாம். வழியிலயே..."

பையைத் தராசுப் பக்கத்திலேயே வைத்துவிட்டுத் திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறினேன். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்துத் திரும்பும்போதுதான், ஆலையின் சின்ன முதலாளி மைக் இல்லாமலே ஒரு அறிவிப்புச் செய்தார். மேடத்தின் நினைவாக, திருவக்கரை போகும் வழியில் நிறுவனத்துக்குச் சொந்தமான நிலத்தில் மரக்கன்றுகள் நடப்படும். அவருடைய படத்துடன் பலகை வைக்கப்படும். அந்த மரங்கள் உறிஞ்சும் கரியமில வாயுவை ஆலையின் புகைக்கு ஈடாகக் கழித்து, நிறுவனம் தன் நிகரப் பூஜ்ஜிய இலக்கை எட்டும். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் மேடத்தின் கணவர் பலகையைத் திறந்துவைப்பார்.

கூட்டம் நெகிழ்ந்து தலையாட்டியது. மேடத்தின் கணவர் சவரிமுத்து, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நல்ல காரியந்தான சார்? அவ பேரு நிக்கும் இல்ல?"

அவருக்கு விவரம் தெரியாது. ஆலைப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம் மேடத்துக்கு இல்லை. "எழுதித் தர்றேன் சார். படிச்சுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க" என்றேன். இது அவருக்காக எழுதியது. மேடத்தைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் படிக்கலாம்.

லூர்துமேரி அவர்கள் காணைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பிறந்தவர். பெற்றோர் கரும்பு வெட்டப் போனவர்கள். அவர் மின்பொறியியல் படித்துப் பட்டம் வாங்கி, எங்கள் ஆலைக்குப் பராமரிப்பு மேலாளராக வந்தார். நான் அப்போது தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருந்தேன். ஒரு பெண், அதுவும் அந்தப் பின்னணியிலிருந்து வந்தவர், பெரிய மோட்டார்களுக்குப் பொறுப்பேற்பது அங்கே பலருக்குப் பிடிக்கவில்லை. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. நான் அந்த முகங்களை மறக்கவில்லை. மேடம் மறந்துவிட்டார். அல்லது, நினைத்துக்கொண்டிருக்க நேரமில்லை என்று வைத்துவிட்டார்.

அவரைப் புனிதவதியாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. கோபக்காரர். சினிமாக் கிசுகிசு என்றால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார். கேன்டீன் வடை ஆறியிருந்தால் சமையல்காரர் காதில் ரத்தம் வரும்வரை திட்டுவார். பட்டுப்புடவையில் மோகம். பராமரிப்புப் பிரிவில் நீலக் கோட்டுக்கு உள்ளே பட்டு கட்டிக்கொண்டு வந்த ஒரே ஆள் தமிழ்நாட்டிலேயே அவராகத்தான் இருக்கும்.

எங்கள் பக்கத்து ஆலைகளில் அமாவாசைக்கு ஓட்டம் கிடையாது. பாய்லர் அணைந்துவிடும், ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மேடம் சேர்ந்த பிறகு வந்த முதல் அமாவாசையன்று, மறந்துவைத்த கண்ணாடியை எடுக்க நான் ஆலைக்குப் போனேன். மேடம் முதன்மை மீட்டருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வேண்டாவெறுப்பாக ஏழுமலை.

"ஏன் மேடம், அமாவாசையிலகூட வூட்ல உங்களுக்குச் சோறு போட மாட்டாங்களா?"

"நாங்க வேதக்காரங்க ஏழுமலை, எங்களுக்கு ஏது அமாவாசை? இங்க பாரு. ஒரு மெஷினும் ஓடல. மீட்டர் ஓடிக்கினு இருக்குது. யாருக்கு ஓடுது?"

"பேய்க்கு ஓடுது."

"வா, அந்தப் பேயைப் புடிக்கலாம். காதைத் தீட்டிக்கினு வா."

காற்றழுத்த இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டு, ஆலை முழுக்க நடந்தார்கள். மற்ற நாட்களில் இரைச்சலில் எதுவும் கேட்காது. அன்று குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் காற்று கசியும் சீறல் கேட்டது. ஏழுமலை சோப்பு நுரையைப் பூசுவார், குமிழி வரும் இடத்தில் மேடம் சாக்பீஸால் வட்டம் போடுவார். நிரம்பி வழிந்த தொட்டிக்கு இன்னும் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த மோட்டார் கிடைத்தது. ஆளில்லாத கிடங்கில் எரிந்த விளக்குகள் கிடைத்தன. கடைசியில் பெரிய முதலாளியின் பூட்டிய அறையில் ஏசி ஓடும் சத்தம். உள்ளே வாஸ்துவுக்காக வாங்கி வைத்த மீன். வெயில் ஒத்துக்கொள்ளாதாம்.

மறுநாள் மேடம் நேரே முதலாளி அறைக்குப் போனார். "அய்யா, பாய்லர்கிட்ட நிக்கிற ஆளுக்கு ஃபேன் இல்ல, மீனுக்கு ஏசி இருக்குது" என்றார். பெரியவர் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். மீன் அவர் வீட்டுக்குப் போனது. பாய்லர் அறைக்கு மின்விசிறி வந்தது. மேடத்துக்கு 'அமாவாசை மேடம்' என்று பெயரும் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு அமாவாசையும் அந்த நடை நடந்தது. ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது எவ்வளவு செலவழிக்கிறோம் என்று தெரியாதவர்கள், செய்யும்போது ஆகும் செலவைப் பற்றிப் பேசக் கூடாது என்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெல் அவிக்கும் தொட்டிகளுக்கு நீராவி போகும் குழாய்கள் வெறும் இரும்பாகக் கிடந்தன. மேடம் அவற்றுக்கு வெப்பம் காக்கும் உறை சுற்றவைத்தார். மறுவாரம் பார்த்தால், வளைவு வரும் இடத்தில் மட்டும் உறை அறுக்கப்பட்டிருந்தது. மறுபடி சுற்றினார், மறுபடி அறுந்தது. எலி என்றார்கள். நானும் எலி என்றே நினைத்தேன். மேடம் மதியம் போய் நின்றார். அந்த வளைவின் மேல் வரிசையாகத் தூக்குவாளிகள். ஆட்கள் சோறு சூடுபண்ணும் இடம் அது.

"எலிங்களுக்கு எத்தினி தூக்குவாளி!" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தார்கள்.

மேடம் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. தொட்டிகளிலிருந்து திரும்பி வீணாகப் போய்க்கொண்டிருந்த வெந்நீரைத் திருப்பிவிட்டு, அதில் சூடாகும்படி தகரத்தில் ஒரு பெட்டி செய்து, தூக்குவாளிகளை அதற்குள் வைக்கச் சொன்னார். அப்புறம் உறையை யாரும் தொடவில்லை. "அவங்க சோத்தை ஆறவெச்சிட்டு பாய்லர்ல எரியற உமியை மிச்சம் புடிச்சேன்னு சொன்னா, அது மிச்சமா சார்?" என்று என்னிடம் கேட்டார். நான் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை படித்தவன். எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை.

பெரியவர் படுக்கையில் விழுந்த பிறகு நிர்வாகம் சின்னவர் கைக்கு வந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் அரிசியை வாங்கும் ஐரோப்பிய நிறுவனம் கேட்டு அனுப்பியது: நீங்கள் எப்போது நிகரப் பூஜ்ஜியம் ஆவீர்கள், என்ன வழி? தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தொழில் தன் புகையில் குறைக்க முடிந்ததையெல்லாம் முதலில் குறைக்க வேண்டும். எவ்வளவு முயன்றும் குறைக்கவே முடியாமல் எஞ்சுவதை மட்டும் வேறு வகையில் ஈடுகட்டலாம். வரிசை முக்கியம். மேடம் அதைக் குளிப்பதற்கும் அத்தர் பூசுவதற்கும் ஒப்பிடுவார். குளிக்காமல் அத்தர் பூசினால் என்ன ஆகும் என்பதையும் சொல்வார். அதை இங்கே எழுத முடியாது.

நானும் அவரும் உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதினோம். பழைய மோட்டார்களை மாற்றுவது, கூரையில் சூரியத் தகடு, ஜெனரேட்டர் டீசலைக் குறைப்பது, நெல் ஊறிய கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுப்பது. சின்னவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுச் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். வாசனைத் திரவியம் மணக்க வந்த அவர் சொன்ன வழிகள் இரண்டு. ஒன்று, திருவக்கரைப் பாதையில் தரிசாகக் கிடந்த நிலத்தில் கன்று நட்டு, அதைக் கணக்கில் கழிப்பது. இரண்டாவது, டீசல் ஜெனரேட்டரை மதிலுக்கு வெளியே, சின்னவருடைய மைத்துனரின் தென்னந்தோப்பில் வைத்து, மதில் மேலாகக் கேபிள் இழுப்பது. இனி அது மைத்துனரின் புகை. நாங்கள் மின்சாரம் வாங்குகிறவர்கள் மட்டும்.

"கணக்குல நம்ம பேர்ல டீசலே இல்ல மேடம். அவ்ளோதான் வேணும்" என்றார் சின்னவர்.

"கணக்குல இல்ல தம்பி. காத்துல இருக்குதே."

அவரைத் 'தம்பி' என்று அழைத்த ஒரே ஊழியர் மேடம். அதுவும் கணக்கில் ஏறியது.

கன்றுகள் நட்ட வருடக் கோடையில், மேடத்தின் ஸ்கூட்டரில் இருவரும் போய்ப் பார்த்தோம். வாசலில் பெரிய பலகை, நிறுவனத்தின் பெயர், பச்சை இலைப் படம். உள்ளே காய்ந்த குச்சிகள். அவற்றுக்கிடையே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"நீங்களும் போட்டா புடிக்க வந்தீங்களா? நட்டன்னிக்கு வந்தாங்க, பந்தல் போட்டு பிரியாணி துன்னாங்க, பூட்டாங்க. ஒரு கொடம் தண்ணி ஊத்த ஆள் வரல."

"ஆடு துன்னுடுச்சா அம்மா?"

"துன்றதுக்கு இன்னா இருந்துச்சு? போர்டு ஒண்ணுதான் நல்லா வளந்துகினு இருக்குது."

மேடம் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இப்போதும் கேட்கிறது. திரும்பும்போது, கோலியனூர் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். "மரம் நடறது நல்லதுதான் சார். எனக்கும் ஆசைதான். ஆனா, கன்னு மரமாவறதுக்கு வருசக்கணக்கு ஆவும். நம்ம புகை இன்னிக்கே மேல பூடுது. பொழைக்குமான்னே தெரியாத கன்னைக் காட்டி இன்னிக்குப் புகையைக் கழிக்கக் கூடாது. எம் பேர்ல அந்தக் கணக்கு போவாது" என்றார். ஐரோப்பிய நிறுவனத்துக்கு அனுப்பிய அந்த வருடப் புகைக் கணக்கு அறிக்கையில் பராமரிப்பு மேலாளர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து இல்லை. ஆலோசகர் போட்டுக்கொண்டார்.

எம் பேர்ல அந்தக் கணக்கு போவாது. சவரிமுத்து சார், இந்தக் கட்டுரையில் நீங்கள் படிக்க வேண்டிய வரி இதுதான்.

பிறகு, வாங்கும் நிறுவனம் ஓர் ஆய்வாளரை அனுப்பியது. இளம்பெண், தமிழ் தெரிந்தவர். கூட்ட அறையில் சின்னவர் திரையில் படம் காட்டி, ஆலையில் டீசலே எரிவதில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. சற்று நேர இருட்டு. பிறகு எல்லா விளக்குகளும் எரிந்தன.

"இப்ப கரன்ட் எங்கேருந்து வருது?" என்று ஆய்வாளர் கேட்டார்.

சின்னவர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் திரையைப் பார்த்தார். மதிலுக்கு அப்பாலிருந்து ஜெனரேட்டர் உறுமுவது நன்றாகக் கேட்டது.

"தென்னந்தோப்புலேருந்து வருதுங்க" என்றார் மேடம். "வாங்க, காட்டறேன்."

மேடம்தான் மின்வாரியத்தில் சொல்லி அந்த நேரத்தில் கரன்டை நிறுத்தினார் என்று ஏழுமலை இன்றுவரை சத்தியம் செய்வார். கேட்டால் மேடம் சிரிப்பதோடு சரி.

ஆர்டர் நின்றது. பிறகு வேறு நிபந்தனைகளோடு வந்தது. மேடத்தைத் திண்டிவனத்துக்கு மாற்றினார்கள். அங்கே நிறுவனத்துக்கு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை உடைத்து வறுக்கும் ஒரு பழைய கொட்டகை இருந்தது. யாரையாவது பிடிக்கவில்லையென்றால் அனுப்பும் இடம். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு, ஆலோசகரின் உறவினர் ஒருவருக்குப் போனது. நாங்கள் எழுதிய திட்டம் வழவழப்பான தாளில் சின்னவர் பெயரில் அச்சாகி வந்தது. நான் வேலையை விட்டேன். இதையெல்லாம் மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பொய். மன்னிக்கவில்லை.

மேடம் திண்டிவனத்தில் வேலையைத் தொடங்கினார். எங்கள் திட்டத்தில் சின்னவர் படிக்காமல் விட்ட பக்கங்களை அந்தக் கொட்டகைக்கு ஏற்ப மாற்றி ஒவ்வொன்றாகச் செய்தார். உடைத்த மல்லாட்டைத் தோலைக் கட்டியாக அழுத்தி வறுக்கும் அடுப்புக்கு எரிபொருளாக்கினார். கூரையில் சூரியத் தகடு போட்டதும் வேலை நேரத்தையே மாற்றினார். வெயில் இருக்கும்போது உடைப்பது, வெயில் சாய்ந்தால் மூட்டை கட்டுவது. பெண் தொழிலாளர்களுக்கு இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர முடிந்தது. அதுவரை, வறுவல் முடியும்வரை காத்திருந்து பேருந்தைத் தவறவிட்டவர்கள் அவர்கள். விழுப்புரத்திலிருந்து தவிடு ஏற்றிவந்து காலியாகத் திரும்பிய லாரியில் கடலை மூட்டையை ஏற்றி அனுப்பினார். டிரைவர் முணுமுணுத்தார். "காலி வண்டி ஓட்டறது பேஜாரா இல்லியாப்பா உனுக்கு?" என்று கேட்டு அவரையும் மடக்கினார்.

வாசலில் ஒரு கரும்பலகை வைத்திருந்தார். செய்தவை அதில் இருக்காது. 'இன்னும் நம்மால் முடியாதவை' என்று தலைப்பு. லாரி டீசல். மின்வாரியத்திலிருந்து வாங்கும் மிச்ச மின்சாரம். கடலை விளையும் நிலத்தில் போடும் உரம். வருகிறவர்கள் அதைத்தான் முதலில் படித்தாக வேண்டும். கடைசியில் எஞ்சுவதற்கு மட்டும், வளர்ந்து நிற்கும் காட்டைக் காப்பாற்றுகிறவர்களுக்குப் பணம் கொடுக்கலாம், அதுவும் நேரில் போய்ப் பார்த்த பிறகு என்பது அவர் எண்ணம். அதற்குள் போய்விட்டார்.

அந்தத் திண்டிவனம் கொட்டகைக்குத்தான் சென்ற ஆண்டு, புகையைக் குறைத்ததற்காக ஒரு விருது கிடைத்தது. மேடையில் சின்னவர், கழுத்தில் சால்வை. "என் கனவு" என்று பேச்சைத் தொடங்கினார். மேடம் பின்வரிசையில், மாம்பழக் கலர் பட்டில், கொடுத்த மிக்சரைத் தின்றுகொண்டிருந்தார். நான் அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"நான் எல்லாத்தையும் எழுதப்போறேன் மேடம். பத்திரிகைக்கு அனுப்பறேன்."

"எழுதி?"

"உண்மை தெரியட்டும்."

"உங்க கோவத்தை வெச்சி ஒரு ஃபேன்கூட ஓட்ட முடியாது சார். அடுத்து கரன்ட்ல ஓடற லாரி ஒண்ணு கேட்டிருக்கேன். கையெழுத்து போட வேண்டியவரு அதோ மேடையில நிக்கிறாரு. நான் இருக்கற வரைக்கும் வாயை மூடிக்கினு இருங்க. மிக்சர் துன்றீங்களா?"

தின்றேன். மூடிக்கொண்டும் இருந்தேன். அந்த லாரி வந்துவிட்டது. மேடத்தின் உடல் வைத்த பெட்டி, கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு அதில்தான் போனது. சத்தமே இல்லாமல் போனது. முன்னால் நடந்த பாடகர் குழுவின் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

ஆகவே நிறுவனத்தாருக்குச் சொல்கிறேன். மேடம் பெயரில் கன்று நடுங்கள். தண்ணீர் ஊற்றுங்கள், ஆட்டுக்கு வேலி போடுங்கள். நிழலுக்காக நடுங்கள். அதைக் காட்டி விழுப்புரத்துப் புகையைக் கழிக்காதீர்கள். உயிரோடு இருந்தபோது அவர் போட மறுத்த கையெழுத்தை, அவர் படத்தை மாட்டி வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவையும் எழுதி, நேற்று சவரிமுத்து சார் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். ஆடு மேய்த்த அம்மா வரும் இடத்தில் சிரித்தார். 'எம் பேர்ல' என்ற வரியில் விரலை வைத்தார்.

"இப்படித்தான் சொல்லுவா" என்றார். "வூட்லயும் அப்படித்தான். மொய் எழுதறப்போகூட, எம் பேர்ல இதுக்கு மேல போவாதும்பா. நான் சின்னவர்கிட்ட பேசிக்கிறேன் சார். கன்னு நடட்டும். கணக்குல கழிக்கிறதுன்னா, போர்டுல அவ போட்டோ வேணாம். நானும் தொறக்க வரல."

"அவர் கோவிச்சுக்குவாரே?"

"எனக்கென்ன சார், அவரா பென்ஷன் தராரு?"

பிறகு தாளின் அடியில் நான் பட்டங்களோடு எழுதியிருந்த என் பெயரைக் காட்டினார். "இது இருந்தா, 'வேலையை வுட்ட ஆளு, கடுப்புல எழுதிட்டான்'னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க. அவ சொன்னதும் உங்க சண்டையோட சேந்து பூடும்."

அப்போது எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரோடு மனத்துக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். ஏற்கெனவே ஒருமுறை என் எழுத்திலிருந்து என் பெயரை எடுத்திருக்கிறார்கள். இன்னொரு முறை நானே எடுப்பதா?

சென்று வாருங்கள் மேடம். உங்களை நான் கடைசியாகப் பார்த்தது திண்டிவனத்துக் கூரை மேல். தகடுகளைக் கழுவிய தண்ணீரில் பட்டுப்புடவை நனைந்து, அதைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கீழே நின்ற பெண்களிடம் எந்த நடிகைக்குக் கல்யாணம் என்று கத்திக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். வெயில் உங்கள் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

நம் பக்கத்து ஆலைக்காரர்களின் இணையக் குழுவில் இதைப் பதிவிடுகிறேன். அங்கே பெயர் மறைத்துப் பதிவிட வசதி உண்டு. பட்டங்களை முதலில் அழித்தேன். பெயரை அழிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. அழித்துவிட்டேன்.